தூண்டில் மெயிலும் இணைய மோசடியும்: கண்டுபிடிக்கவும் தப்பிக்கவும் ஒரு முழுமையான வழிகாட்டி

2025 மார்ச் மாதம். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த கணினிப் பாதுகாப்பு வல்லுநர் டிராய் ஹன்ட் லண்டனில் இருந்தார். நீண்ட விமானப் பயணத்தின் களைப்பு இன்னும் தீரவில்லை. செய்திமடல் அனுப்ப அவர் பயன்படுத்தும் மெயில்சிம்ப் நிறுவனத்தின் பெயரில் ஒரு மின்னஞ்சல் வந்தது. உங்கள் மடலைப் பற்றி ஸ்பாம் புகார் வந்திருக்கிறது, அனுப்பும் வசதியைக் கட்டுப்படுத்தியிருக்கிறோம், உள்ளே வந்து பாருங்கள் என்றது. லிங்கைத் தட்டினார். பாஸ்வேர்டைப் போட்டார். ஓடிபியையும் போட்டார். பக்கம் அப்படியே நின்றுவிட்டது. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. ஓடிப்போய் உண்மையான தளத்தில் பாஸ்வேர்டை மாற்றினார். அதற்குள் அவருடைய வாசகர் பட்டியல், ஏறக்குறைய 16,000 பேரின் விவரங்கள், திருடன் கைக்குப் போய்விட்டது.

இவர் சாதாரண ஆள் இல்லை. யாருடைய விவரம் எந்தத் தளத்திலிருந்து கசிந்திருக்கிறது என்று எவரும் தேடிப் பார்க்க உதவும் 'ஹேவ் ஐ பீன் போன்ட்' என்ற சேவையை 2013 முதல் நடத்திவருபவர். போலி மெயிலை எப்படிக் கண்டுபிடிப்பது என்று உலகத்துக்கே பாடம் எடுப்பவர்.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. "விவரமான ஆள் ஏமாறமாட்டான்" என்ற எண்ணத்தை முதலில் கழற்றி வைத்துவிட வேண்டும். தூக்கக் கலக்கம், வேலை அவசரம், திடீர்ப் பயம், எதிர்பார்த்துக் காத்திருந்த ஒரு செய்தி: இவற்றில் ஏதோ ஒன்று கூடிவரும் நேரத்தில் யாருக்கும் கண் மறைக்கும். அதனால், போலியைக் கண்டுபிடிக்கும் திறமையை மட்டும் நம்பி இருக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. களைத்துப்போன நேரத்திலும் கை தானாகச் செய்யும் ஒரு பழக்கம் வேண்டும். அந்தப் பழக்கத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கண்டுபிடிக்கும் முறைகள் அப்புறம் வருகின்றன.

முதல் படி: அவர்கள் காட்டும் வழியில் போகாதீர்கள்

வங்கி, மெயில் கணக்கு, கூரியர், வரி அலுவலகம், அலுவலக மேலாளர் என்று யார் பெயரில் செய்தி வந்தாலும் சரி, அந்தச் செய்திக்குள் இருக்கும் லிங்க், பொத்தான், போன் எண், கியூஆர் கோடு எதையும் தொடாதீர்கள். செய்தியை மூடுங்கள். பிறகு உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த வழியில் போய்ப் பாருங்கள். வங்கி என்றால், போனில் ஏற்கெனவே இருக்கும் ஆப் அல்லது கார்டின் பின்பக்கம் அச்சிட்ட எண். மெயில் கணக்கு என்றால், நீங்களே பிரவுசரில் குறித்து வைத்த புக்மார்க். மேலாளர் என்றால், அவருடைய பழைய எண்ணுக்கு ஒரு போன்.

உண்மையிலேயே கணக்கில் சிக்கல் இருந்தால் அங்கேயும் அது தெரியும். தெரியவில்லை என்றால் செய்தி பொய். மெயில் உண்மையா போலியா என்று நீங்கள் துப்புத் துலக்கவே தேவையில்லை என்பதுதான் இந்தப் பழக்கத்தின் அருமை. எவ்வளவு அச்சு அசலாகச் செய்திருந்தாலும், நீங்கள் அந்தக் கதவால் நுழையவே இல்லை.

ஒரு எச்சரிக்கை. அந்த நேரத்தில் கூகுளில் "இந்த வங்கி உதவி எண்" என்று தேடாதீர்கள். தேடல் முடிவின் உச்சியில் விளம்பரமாக வரும் எண்கள், தளங்களில் போலிகளும் கலந்திருக்கின்றன. இன்றைக்கே, எந்த அவசரமும் இல்லாத நேரத்தில், முக்கியமான நான்கைந்து தளங்களை புக்மார்க் செய்துவையுங்கள்; எண்களை போனில் சேமித்துவையுங்கள்.

ஏன் சரியாக நமக்கே வந்தது போல இருக்கிறது?

ஒரு பார்சலுக்கு நான் காத்திருந்த வாரம். "முகவரி முழுமையாக இல்லை, பொருளைத் திருப்பி அனுப்பப்போகிறோம், மறுபடி கொண்டுவரச் சிறு கட்டணம் செலுத்துங்கள்" என்று எஸ்எம்எஸ் வந்தது. முகவரியை உண்மையிலேயே அவசரமாகத்தான் டைப் செய்திருந்தேன். அதனால் சந்தேகமே வரவில்லை. லிங்கைத் திறந்து, பெயர், முகவரி, கார்டு எண் என்று வரிசையாக நிரப்பிக்கொண்டே போனேன். கார்டின் பின்னால் இருக்கும் மூன்று இலக்க எண்ணைப் பார்க்க போனைக் கீழே வைத்துவிட்டுக் கார்டைத் திருப்பினேன். அந்தச் சில நொடி இடைவெளிதான் காப்பாற்றியது. திரும்பப் போனை எடுத்தபோது மேலே இருந்த முகவரி கண்ணில் பட்டது. கூரியர் பெயருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

நான் பார்சலுக்குக் காத்திருப்பது அவனுக்கு எப்படித் தெரிந்தது? தெரியவே தெரியாது. ஒரே செய்தியை லட்சக்கணக்கான எண்களுக்கு அனுப்புகிறார்கள். அதில் பல பேர் அந்த வாரம் ஏதோ ஒரு பொருளுக்குக் காத்திருப்பார்கள். வலை விரித்தால் ஏதாவது சிக்கும் என்ற கணக்கு. 'பிஷிங்' என்ற பெயரே மீன்பிடிப்பிலிருந்து வந்ததுதான். 1990களில் 'அமெரிக்கா ஆன்லைன்' என்ற இணையச் சேவையின் பயனர்களிடம் அந்த நிறுவன ஊழியர் போல நடித்துப் பாஸ்வேர்ட் பிடுங்கியவர்கள் காலத்தில் புழக்கத்துக்கு வந்த சொல்.

இன்னொரு ரகம், ஆளைத் தேர்ந்தெடுத்துக் குறிவைப்பது. உங்கள் வேலை, மேலாளர் பெயர், போய்வந்த ஊர் எல்லாம் சமூக வலைத்தளத்தில் இருந்தால், அதை வைத்து உங்களுக்கென்றே ஒரு மெயில் தயாரிப்பார்கள். பெயரையும் பதவியையும் சரியாகச் சொல்கிறார்கள் என்பது நம்பக் காரணம் ஆகாது.

மெயிலை வரிவரியாகப் பிரித்துப் பார்ப்போம்

சரி, இப்போது ஒரு மெயிலை எடுத்துக்கொள்வோம். அனுப்பியவர்: 'கணக்குப் பாதுகாப்புக் குழு'. தலைப்பு: 'இறுதி அறிவிப்பு: 24 மணி நேரத்தில் கணக்கு முடக்கப்படும்'. உள்ளே சின்னம், நீல நிறப் பொத்தான், கீழே பொடி எழுத்தில் முகவரி, 'இது தானியங்கி மெயில், பதில் அனுப்ப வேண்டாம்' என்ற வரி. எல்லாம் கச்சிதம்.

அனுப்பியவர் பெயரில் தொடங்குங்கள். அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். பார்க்க வேண்டியது பெயருக்குப் பின்னால் இருக்கும் மெயில் முகவரி. போனில் பல மெயில் ஆப்கள் பெயரை மட்டும் காட்டி முகவரியை மறைத்துவிடும். பெயரைத் தட்டினால்தான் தெரியும். முகவரியில் 'அட்' குறிக்குப் பின்னால் வரும் பகுதிதான் முக்கியம், அதை டொமைன் என்பார்கள். முன்னால் 'வங்கி உதவி' என்று இருந்து, பின்னால் சம்பந்தமில்லாத ஒரு பெயரோ, இலவச மெயில் சேவையோ இருந்தால் கதை முடிந்தது.

முகவரி சரியாகவே இருந்தாலும் முழுதாக நம்பிவிடாதீர்கள். அனுப்புநர் முகவரியைப் பொய்யாகப் போட முடியும். இதைத் தடுக்கத்தான் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்ற சரிபார்ப்பு முறைகள் வந்தன. மொத்தமாக மெயில் அனுப்புபவர்கள் இவற்றைக் கட்டாயம் வைத்திருக்க வேண்டும் என்று கூகுளும் யாகூவும் 2024 பிப்ரவரியிலிருந்து கேட்கின்றன. இதனால் பொய் முகவரிகள் நிறையத் தடுக்கப்படுகின்றன. ஆனால் மெயில் அந்த டொமைனிலிருந்துதான் வந்தது என்பதை மட்டுமே இவை சொல்லும். அந்த டொமைனை வைத்திருப்பவன் யோக்கியனா என்று சொல்லாது. திருடனும் தன் டொமைனுக்கு இவற்றை ஒழுங்காகவே அமைத்துவைப்பான். போதாக்குறைக்கு, உங்கள் நண்பரின் கணக்கே பறிபோயிருந்தால், போலி மெயில் அவருடைய உண்மையான முகவரியிலிருந்தே வரும்.

அடுத்தது தலைப்பு. 24 மணி நேரம், இறுதி அறிவிப்பு, உடனடியாக. எல்லா மோசடிக்கும் அடிப்படைச் சரக்கு இதுதான்: யோசிக்க நேரம் தராமல் இருப்பது. பயத்துக்குப் பதில் ஆசையாகவும் இருக்கலாம்: பரிசு, பணம் திரும்பக் கிடைக்கும், வேலை உறுதி. எப்படி இருந்தாலும், ஒரு செய்தியைப் படித்ததும் நெஞ்சு படபடத்தால், அந்தப் படபடப்பையே முதல் அடையாளமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

எழுத்துப் பிழையைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்று பழைய அறிவுரை ஒன்று இருக்கிறது. அதை இனி நம்ப வேண்டாம். செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் எந்த மொழியிலும் வழுவழுவென்று எழுதித் தருகின்றன. பிழையிருந்தால் சந்தேகப்படுங்கள், சரிதான். பிழை இல்லை என்பதற்காக நம்பாதீர்கள். மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர் கோர்மாக் ஹெர்லி 2012-இல் ஒரு கட்டுரையில் சுவையான விளக்கம் தந்தார்: பரம்பரைச் சொத்து மோசடி மெயில்கள் நம்பவே முடியாத அளவுக்கு அசட்டுத்தனமாக இருப்பது வேண்டுமென்றேதான், சந்தேகப்படுகிறவர்கள் முதலிலேயே விலகிவிட்டால், கடைசிவரை வரக்கூடியவர்களிடம் மட்டும் மோசடிக்காரன் நேரத்தைச் செலவழிக்கலாம். அசட்டுத்தனமாக இருப்பதால் ஆபத்தில்லை என்று நினைக்க வேண்டாம்.

கடைசியாக நீலப் பொத்தான். இதற்குத் தனியாக ஒரு பகுதியே வேண்டும்.

இணைய முகவரியை வலமிருந்து படிக்கப் பழகுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் பயிற்சி செய்து பார்க்க நேரம் இருந்தால், இதைச் செய்யுங்கள். கணினியில் லிங்க் மேல் சுட்டியை வைத்தால் ஓரத்தில் உண்மையான முகவரி தெரியும். போனில் லிங்கை விடாமல் அழுத்திப் பிடித்தால் தெரியும். பொத்தானில் எழுதியிருப்பது ஒன்று, அது கூட்டிப்போகும் இடம் வேறு.

முகவரி இப்படி இருக்கிறது என்று வையுங்கள். ஆங்கில எழுத்தில்தான் இருக்கும், இங்கே தமிழில் எழுதுகிறேன்:

எச்டிடிபிஎஸ்://லாகின்.என்வங்கி.காம்.கணக்கு-சோதனை.நெட்/என்வங்கி/உள்நுழை

கண் முதலில் 'என்வங்கி.காம்' என்பதைப் பிடித்துக்கொள்ளும். அதற்காகத்தான் அதை அங்கே வைத்திருக்கிறார்கள். இப்போது முறையாகப் படிப்போம். முன்னால் இருக்கும் இரட்டைச் சாய்கோட்டைத் தாண்டுங்கள். அதற்குப் பிறகு வரும் முதல் ஒற்றைச் சாய்கோட்டில் விரலை வையுங்கள். அங்கிருந்து இடப்பக்கமாக நகருங்கள். முதலில் 'நெட்'. அதற்கு முன் 'கணக்கு-சோதனை'. நிறுத்துங்கள். இந்தத் தளத்தின் சொந்தக்காரர் 'கணக்கு-சோதனை.நெட்'. வங்கி இல்லை.

அதற்கு இடப்பக்கம் இருப்பதெல்லாம் அந்தச் சொந்தக்காரர் தன் விருப்பத்துக்கு எழுதிக்கொள்ளும் பெயர்கள். தன் வீட்டு அறைக்கு ஒருவர் 'அரண்மனை' என்று பெயர்ப்பலகை மாட்டினால் வீடு அரண்மனையாகிவிடாது. ஒற்றைச் சாய்கோட்டுக்கு வலப்பக்கம் இருப்பதும் அப்படியே. சில நாடுகளின் முகவரிகள் '.கோ.யுகே' என்பதுபோல் இரண்டு துண்டாக முடியும். அங்கே மட்டும் கடைசி மூன்று துண்டுகளைச் சேர்த்துப் பாருங்கள்.

சிறு கோடும் புள்ளியும் வேறு வேறு என்பதை மறக்காதீர்கள். 'உதவி.என்வங்கி.காம்' வங்கிக்குச் சொந்தமானது. 'என்வங்கி-உதவி.காம்' யாருக்கு வேண்டுமானாலும் சொந்தமாக இருக்கலாம். சில நிமிடங்களில் பதிவு செய்துவிடலாம். டிராய் ஹன்ட் போய் விழுந்ததும் இந்த ரகத்தில்தான்: மெயில்சிம்ப்-எஸ்எஸ்ஓ.காம்.

எழுத்து மாயமும் உண்டு. ஆங்கிலச் சிற்றெழுத்தில் 'ஆர்', 'என்' இரண்டையும் ஒட்டி எழுதினால் 'எம்' போலத் தெரியும். 'எல்' என்ற எழுத்தும் 1 என்ற எண்ணும் பல எழுத்துருக்களில் இரட்டைப் பிள்ளைகள். 2017-இல் ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் ஆப்பிள்.காம் போலவே தோன்றும் முகவரியை முழுக்க சிரிலிக் (ரஷ்ய மொழி எழுதும் எழுத்துமுறை) எழுத்துகளால் பதிவு செய்து காட்டினார். அன்றைய குரோமிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் கண்ணால் வேறுபாடே தெரியவில்லை. நம் கண்ணுக்கு எல்லை உண்டு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. பாஸ்வேர்டுகளைச் சேமித்துத் தானாக நிரப்பித் தரும் ஆப்பான பாஸ்வேர்ட் மேனேஜர் ஏன் வேண்டும் என்பதற்கும் இதுதான் காரணம், அதைக் கீழே சொல்கிறேன்.

பூட்டுச் சின்னத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 'பூட்டு இருக்கிறது, அதனால் தளம் பாதுகாப்பானது' என்று பல வருடம் சொல்லிக்கொடுத்தார்கள். உங்களுக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பதுதான் அதற்குப் பொருள். எதிர்முனையில் இருப்பவனே திருடன் என்றால் என்ன பயன்? அதற்கான சான்றிதழ் இலவசமாகவே கிடைக்கிறது, போலித் தளங்களும் வைத்திருக்கின்றன. மக்கள் இதைத் தவறாகப் புரிந்துகொள்வதால்தான் 2023-இல் குரோம் அந்தப் பூட்டையே முகவரிப் பட்டையிலிருந்து எடுத்துவிட்டது.

ஓடிபி உண்மையாக வந்ததே!

பலர் தடுக்கி விழும் இடம் இது. போலிப் பக்கத்தில் பாஸ்வேர்டைப் போடுகிறீர்கள். சில நொடிகளில் உங்கள் போனுக்கு வங்கியிடமிருந்தே ஓடிபி வருகிறது, வழக்கமாக வரும் அதே வரிசையில். 'ஓடிபி சரியான இடத்திலிருந்து வந்திருக்கிறது, அப்போ பக்கமும் சரிதான்' என்று மனம் சமாதானமாகிவிடுகிறது.

நடந்தது வேறு. நீங்கள் போட்ட பாஸ்வேர்டை மறுமுனையில் ஒரு நிரல் அதே நொடியில் உண்மையான தளத்தில் போட்டிருக்கிறது. உண்மையான தளம் உண்மையான ஓடிபியை உங்களுக்கு அனுப்பியிருக்கிறது. அதையும் போலிப் பக்கத்தில் போட்டால், அவன் உள்ளே போய்விடுவான். ஹன்ட் போட்ட ஓடிபியும் இப்படித்தான் பறிபோனது. எனவே ஓடிபி செய்தியில் எண்ணை மட்டும் எடுக்காமல் முழு வரியையும் படியுங்கள். எதற்காக அந்த எண் என்று பெரும்பாலும் எழுதியிருக்கும். லாகின் செய்ய என்று நீங்கள் நினைக்கும்போது 'புதிய சாதனத்தைச் சேர்க்க' என்று இருந்தால் உடனே நிறுத்துங்கள். போனில் யார் கேட்டாலும், ஊழியர் என்றாலும் அதிகாரி என்றாலும், ஓடிபியைச் சொல்லாதீர்கள்.

இதன் தம்பி ஒன்று உண்டு: 'லாகின் செய்வது நீங்கள்தானா?' என்று போனில் கேட்டுக் கேட்டு வரும் அறிவிப்பு. 2022 செப்டம்பரில் ஊபர் நிறுவனத்துக்குள் நுழைந்தவன் ஒப்பந்தப் பணியாளர் ஒருவரின் போனுக்கு இப்படி ஓயாமல் அனுப்பி, கடைசியில் 'ஆம்' என்று தட்டவைத்தான். நீங்கள் லாகின் செய்யாத நேரத்தில் இந்த அறிவிப்பு வந்தால், உங்கள் பாஸ்வேர்ட் ஏற்கெனவே யாரிடமோ இருக்கிறது என்று பொருள். 'இல்லை' என்று தட்டிவிட்டு, உடனே பாஸ்வேர்டை மாற்றுங்கள்.

இணைப்புக் கோப்புகளும் 'நான் ரோபோ இல்லை' பக்கமும்

எதிர்பாராமல் வரும் பில், பயோடேட்டா, கோர்ட் நோட்டீஸ் எதையும் திறக்காதீர்கள். 'பில்.பிடிஎஃப்.இஎக்ஸ்இ' என்பதுபோல் இரட்டை வால் இருந்தால் கடைசி வால்தான் உண்மை. விண்டோஸ் வழக்கமாக அதை மறைத்துவிடும், அமைப்பில் போய்க் காட்டச் சொல்லுங்கள். பாஸ்வேர்ட் போட்ட ஜிப் கோப்பும், அதன் பாஸ்வேர்ட் அதே மெயிலிலும் வந்தால், வைரஸ் சோதனையிலிருந்து தப்பிக்கும் தந்திரமாக இருக்கலாம். ஆவணத்தைத் திறந்ததும் 'மேக்ரோவை (கோப்புக்குள் இருக்கும் சிறு நிரலை) இயக்கவும்' என்று கேட்டால் மூடிவிடுங்கள்.

புதிதாகப் பரவும் ஒன்றைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். 'நீங்கள் மனிதர்தான் என்று நிரூபிக்க' ஒரு பக்கம் வரும். விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்துங்கள், பிறகு கன்ட்ரோல்-வி, பிறகு என்டர் என்று படிப்படியாகச் சொல்லும். உங்களுக்குத் தெரியாமல் அந்தப் பக்கம் ஏற்கெனவே ஒரு கட்டளையை நகலெடுத்து வைத்திருக்கும். நீங்கள் உங்கள் கையாலேயே அதை உங்கள் கணினியில் ஓட்டிவிடுகிறீர்கள். எந்த உண்மையான தளமும் இதைக் கேட்காது.

குரலும் முகமும் சாட்சி ஆகாது

மெயிலைத் தாண்டி வருவோம். 2013 முதல் 2015 வரை, லிதுவேனியாவைச் சேர்ந்த ஒருவர், தைவான் வன்பொருள் நிறுவனம் ஒன்றின் பெயரில் போலி பில்களை அனுப்பி, கூகுள், ஃபேஸ்புக் இரண்டிடமிருந்தும் சேர்த்து 10 கோடி டாலருக்கு மேல் கறந்தார். 2024-இல் வெளிவந்த செய்தி இன்னும் அதிர்ச்சி: ஆரப் என்ற பொறியியல் நிறுவனத்தின் ஹாங்காங் ஊழியர் ஒருவர் வீடியோ கூட்டத்தில் கலந்துகொண்டார். தலைமை நிதி அதிகாரி இருந்தார், சக ஊழியர்கள் இருந்தார்கள். எல்லாருமே டீப்ஃபேக், அதாவது செயற்கை நுண்ணறிவால் உருவாக்கிய போலி முகங்கள், குரல்கள். சொன்னபடி 20 கோடி ஹாங்காங் டாலரை அனுப்பிவிட்டார். முதலில் மெயில் வந்தபோது அவருக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. முகங்களைப் பார்த்ததும் தீர்ந்துவிட்டது.

எனவே பணம் அனுப்பச் சொன்னாலோ, வங்கிக் கணக்கு எண் மாறிவிட்டது என்றாலோ, வேறொரு வழியில் உறுதி செய்யாமல் நகராதீர்கள். மெயிலில் கேட்டால் போனில் உறுதி செய்யுங்கள், வீடியோவில் கேட்டால் இணைப்பைத் துண்டித்து உங்களிடம் இருக்கும் பழைய எண்ணுக்கு நீங்கள் கூப்பிடுங்கள். அலுவலகத்தில் இது விதியாகவே இருக்க வேண்டும், முதலாளியே கேட்டாலும்.

வீட்டுக்கும் இதேதான். எனக்குத் தெரிந்த ஒரு அம்மாவுக்குப் புது எண்ணிலிருந்து செய்தி: "அம்மா, போன் தண்ணில விழுந்துடுச்சு, இது ஃப்ரெண்டோட நம்பர், அவசரமா பணம் கட்டணும்." அவர் பதறவில்லை. "சரிப்பா, உன் பழைய நம்பருக்கு ஒரு தடவை அடிச்சுப் பார்க்கறேன்" என்று பதில் போட்டுவிட்டு, கூப்பிட்டார். "என்னம்மா, மீட்டிங்ல இருக்கேன், சொல்லு" என்றான் மகன். குரலையே நகல் எடுத்துப் பேசுகிற காலம் என்பதால், குடும்பத்துக்குள் ஒரு ரகசியச் சொல்லை நேரில் பேசி வைத்துக்கொள்வதும் நல்லது. வேறு யாருக்கும் தெரியாத, இணையத்தில் எங்கும் எழுதாத சொல்லாக இருக்கட்டும்.

மற்ற வகைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். திரையில் 'வைரஸ்' என்று அலறி ஒரு எண்ணைக் கூப்பிடச் சொன்னால், பிரவுசரை மூடுங்கள். அந்த எண்ணுக்குப் பேசினால் எனிடெஸ்க், டீம்வியூவர் போன்ற ஆப்பைப் போடச்சொல்லி உங்கள் திரையைக் கைப்பற்றுவார்கள். வேலை தருகிறேன் என்று முன்பணம் கேட்டால் அது வேலை இல்லை. கிஃப்ட் கார்டிலோ கிரிப்டோவிலோ கட்டச் சொல்லும் அரசு அலுவலகம் கிடையாது. 'உன் அந்தரங்க வீடியோ என்னிடம் இருக்கிறது' என்று மிரட்டி, சாட்சியாக உங்கள் பழைய பாஸ்வேர்டைக் காட்டும் மெயில், எப்போதோ கசிந்த பட்டியலிலிருந்து எடுத்ததாகவே பெரும்பாலும் இருக்கும். பணம் கொடுக்காதீர்கள், பதிலும் போடாதீர்கள். அந்தப் பாஸ்வேர்ட் இன்னும் எங்காவது புழக்கத்தில் இருந்தால் மாற்றுங்கள்.

முதலீட்டு மோசடி மட்டும் மெதுவாக நடக்கும். தவறி வந்ததுபோல் ஒரு 'ஹலோ', வாரக்கணக்கில் அன்பான பேச்சு, பிறகு ஒரு முதலீட்டு ஆப். முதலில் போட்ட சிறு தொகை லாபத்தோடு கைக்கே வரும். நம்பிக்கை ஊட்டத்தான் அது. பெரிய தொகை போட்ட பிறகு எடுக்கப் போனால் 'முதலில் வரி கட்டுங்கள்' என்பார்கள். திரையில் ஏறும் லாபம் வெறும் எண். நேரில் பார்க்காத ஒருவர் சொல்லும் இடத்தில் ஒரு காசும் போடாதீர்கள்.

முன்கூட்டியே போட்டுவைக்க வேண்டிய வேலி

முதலில் உங்கள் மெயில் கணக்கு. மற்ற பெரும்பாலான கணக்குகளின் பாஸ்வேர்டையும் அதன் வழியாக மாற்றிவிட முடியும் என்பதால் அதுதான் வீட்டுச் சாவிக்கொத்து. அதற்கு வேறெங்கும் பயன்படுத்தாத நீளமான பாஸ்வேர்ட் வையுங்கள், இரண்டடுக்குச் சரிபார்ப்பை (பாஸ்வேர்டோடு ஓடிபி போன்ற இன்னொன்றையும் கேட்பது) இயக்குங்கள்.

பிறகு ஒரு பாஸ்வேர்ட் மேனேஜர். நினைவில் வைக்கும் சுமையைக் குறைப்பது அதன் ஒரு வேலை. அதைவிடப் பெரிய வேலை, அது முகவரியை எழுத்து பிசகாமல் ஒப்பிடும். கண் ஏமாந்தாலும் அது ஏமாறாது. போலித் தளத்தில் பாஸ்வேர்டை நிரப்பாது. ஹன்டின் மேனேஜரும் அன்றைக்கு நிரப்பவில்லை. நல்ல நிறுவனங்களே வேறு வேறு முகவரிகளைப் பயன்படுத்துவதால் சில நேரம் அப்படி ஆவது உண்டு என்பதால், அவர் அதைப் பொருட்படுத்தாமல் கையால் போட்டார். தானாக நிரம்பாத பக்கத்தில் கையை எடுத்துவிடுங்கள். முகவரியை வலமிருந்து படியுங்கள்.

பாஸ்கீ (பாஸ்வேர்டுக்குப் பதில் விரல்ரேகை, முகம் அல்லது பின் எண்ணால் உள்ளே நுழையும் முறை) வசதி இருக்கும் இடங்களில் அதற்கு மாறிக்கொள்ளுங்கள். பாஸ்கீயும் யுஎஸ்பி பாதுகாப்புச் சாவியும் உண்மையான முகவரியோடு பிணைக்கப்பட்டவை. போலித் தளத்தில் வேலையே செய்யாது, உங்களிடம் கேட்டு வாங்கவும் முடியாது. கூகுள் 2017 தொடக்கத்தில் தன் ஊழியர்களுக்கு இத்தகைய சாவிகளைக் கட்டாயமாக்கியது. 85,000-க்கும் அதிகமான ஊழியர்களில் அதன்பின் ஒருவரின் அலுவலகக் கணக்கும் பிஷிங்கில் பறிபோகவில்லை என்று 2018-இல் அறிவித்தது.

போன், கணினி, பிரவுசர் அப்டேட்டுகளைத் தள்ளிப்போடாதீர்கள். வங்கிப் பரிவர்த்தனை ஒவ்வொன்றுக்கும் அறிவிப்பு வரும்படி வையுங்கள்.

தூண்டிலைக் கடித்துவிட்டால் என்ன செய்வது?

லிங்கைத் தட்டினீர்கள், ஆனால் எதையும் நிரப்பவில்லை என்றால் பெரும்பாலும் ஆபத்தில்லை. பக்கத்தை மூடி, ஏதாவது கோப்பு இறங்கியிருக்கிறதா என்று பார்த்து, திறக்காமல் அழித்துவிடுங்கள்.

பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டீர்கள் என்றால், உண்மையான தளத்துக்குப் போய் உடனே மாற்றுங்கள். 'எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு' என்பதைத் தட்டுங்கள்; பாஸ்வேர்டை மாற்றினாலும் சில தளங்களில் அவன் உள்ளேயே உட்கார்ந்திருக்க முடியும். அதே பாஸ்வேர்ட் வேறெங்கும் இருந்தால் அங்கேயும் மாற்றுங்கள். மெயில் கணக்காக இருந்தால் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள், பலர் இதை விட்டுவிடுகிறார்கள்: அமைப்பில் ஃபார்வர்டிங், ஃபில்டர், மீட்பு எண், மீட்பு முகவரி. வருகிற மெயிலெல்லாம் தனக்கும் ஒரு நகல் வரும்படி அவன் ஒரு விதியை எழுதிவைத்திருந்தால், நீங்கள் பாஸ்வேர்டை மாற்றினாலும் அவன் படித்துக்கொண்டே இருப்பான்.

கார்டு விவரம் கொடுத்திருந்தால் வங்கி ஆப்பில் கார்டை முடக்கிவிட்டு, பின்பக்க எண்ணுக்கு அழையுங்கள். பணமே போயிருந்தால், முதலில் வங்கி, அடுத்து உங்கள் நாட்டுக் காவல்துறையின் இணையக் குற்றப் பிரிவு. ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்; பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் நிறுத்திவைத்தால்தான் மீள வாய்ப்பு. திரையைக் கைப்பற்றவிட்டிருந்தால், முதலில் இணையத்தைத் துண்டியுங்கள். பாஸ்வேர்டுகளை வேறொரு சாதனத்திலிருந்து மாற்றுங்கள். மெயில், எஸ்எம்எஸ், ரசீது எதையும் அழிக்காதீர்கள், ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அலுவலகக் கணக்கு என்றால் ஐடி பிரிவுக்கு அந்த நிமிடமே சொல்லுங்கள்.

இந்த நேரத்தில் வாயை அடைப்பது வெட்கம். பணத்தை இழந்தவரை வீட்டிலும் திட்டினால், அடுத்த முறை அவர் மூன்று நாள் கழித்துத்தான் சொல்வார். ஹன்ட் என்ன நடந்தது என்பதை அன்றைக்கே தன் பெயரோடு எழுதி வெளியிட்டார், கசிந்த பட்டியலில் இருந்தவர்களுக்கும் சொன்னார். அதனால் அவர்கள் அடுத்து வரக்கூடிய போலி மெயிலுக்குத் தயாராக முடிந்தது.

இன்னும் ஒன்று பாக்கி. சில வாரம் கழித்து ஒருவர் அழைப்பார். நீங்கள் இழந்த தொகையைச் சரியாகச் சொல்வார், பணத்தை மீட்டுத் தருகிறோம், கோப்பைத் திறக்கச் சிறு கட்டணம் மட்டும் கட்டுங்கள் என்பார். ஏமாந்தவர்களின் பட்டியலையும் விற்கிறார்கள், அதிலிருந்து வரும் அழைப்பு அது. மறுபேச்சில்லாமல் துண்டித்துவிட்டு, அந்த எண்ணையும் அதே புகாரில் சேர்த்துவிடுங்கள்.